‘எவ்வளவு கொடுப்பீர்கள்?’ என்று கேட்பதற்கு முன்

“காட்டு யானைகளைப் பாதுகாக்க ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள்?”

கடந்த பருவத்தில் இந்தக் கேள்வியை நான் பலரிடம் கேட்டேன். சுற்றுச்சூழல் பொருளியல் பாடத்தின் குழு இடுபணி அது. பல்கலைக்கழக உணவகத்தில் கேட்டேன், விடுதியில் கேட்டேன், புலனக் குழுக்களிலும் அனுப்பினேன். எல்லாரும் ஏதோ ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். ஜொகூர், காஹாங்கில் இருக்கும் என் பெரியப்பா மட்டும் எழுதவில்லை. வினாநிரலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிறகு, “நான்தான் ஏற்கெனவே கட்டிட்டேனேம்மா” என்றார்.

அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் தயாரித்த வினாநிரலில் அதற்குக் கட்டமே இல்லை. அப்படி ஒரு கட்டம் ஏன் இல்லாமல் போனது, அது இருந்தால் என்ன மாறும் என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஏன் அளக்க வேண்டும்?

யானைக்கெல்லாமா விலை பேசுவது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். முதல் வகுப்பில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். செம்பனைக் குலைக்கு டன் கணக்கில் விலை இருக்கிறது. வெட்டுமரத்துக்கு விலை இருக்கிறது. ஓர் ஏக்கர் நிலத்துக்கு விலை இருக்கிறது. எண்டாவ்-ரோம்பின் காட்டில் உயிரோடு நடமாடும் யானைக்கு மட்டும் எந்தச் சந்தையிலும் விலை இல்லை. ஒரு சாலையோ தோட்டமோ வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது ஒரு பக்கத்தில் கோடிக்கணக்கில் எண்கள் நிற்கின்றன. மறுபக்கத்தில் வெறும் அனுதாபம் மட்டும் நிற்கிறது. கணக்குத் தாளில் எழுதப்படாத மதிப்பு, கூட்டும்போது சுழியமாகிவிடுகிறது.

1967-இல் ஜான் குருட்டில்லா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதை ஒரு கட்டுரையில் விளக்கினார். ஒரு காட்டை நேரில் போய்ப் பார்க்காதவருக்கும், இனிப் போகவே போகாதவருக்கும் கூட, அந்தக் காடு இருக்கிறது என்ற நினைப்பே மதிப்புள்ளது என்றார். இன்று இதை ‘இருப்பு மதிப்பு’ என்கிறோம்.

நம்மில் பெரும்பாலோர் காட்டு யானையை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் 2025 மே 11, அன்னையர் தினத்தன்று கெரிக் நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரு யானைக் குட்டி இறந்தபோது, அந்த லாரியை விட்டு நகராமல் நின்ற தாய் யானையின் காணொளியைப் பார்த்துக் கலங்காதவர் யார்? எங்கள் குழு யானையைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தக் காணொளிதான் காரணம். தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறைய 1,200 முதல் 1,700 காட்டு யானைகள்தாம் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஜொகூரில் அவை குளுவாங், மெர்சிங், கோத்தா திங்கி வட்டாரங்களில் காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையில் அலைகின்றன.

மதிப்பைக் காலம் கடந்து உணர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1977-இல் எண்டாவ்-ரோம்பின் காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டபோது, இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வெட்டு நின்றது. 1993-இல் ஜொகூர் பகுதி பூங்காவாக அரசிதழில் வெளியிடப்பட்டது. காடு தப்பியது. ஆனால் அதே காட்டில் அன்று வாழ்ந்த சுமத்ரா காண்டாமிருகம் தப்பவில்லை. மலேசியாவின் கடைசி ஆண் காண்டாமிருகம் தாம் 2019 மே மாதத்திலும், கடைசிப் பெண் இமான் அதே ஆண்டு நவம்பரிலும் சபாவில் இறந்தன. இன்று நாம் ஆளுக்கு ஆயிரம் வெள்ளி கொடுத்தாலும் நம் நாட்டுக் காண்டாமிருகம் திரும்பி வராது. ஆகவே அளப்பது தேவைதான். எப்படி அளக்கிறோம், யாரைக் கேட்டு அளக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

எண்ணைக் கேட்டால் எண் வரும்

மக்களிடம் நேரடியாகத் தொகை கேட்கும் முறை புகழ்பெற்றது ஓர் எண்ணெய்க் கப்பலால். 1989 மார்ச் 24-ஆம் நாள் எக்ஸன் வால்டெஸ் என்ற கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி, கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கடற்பறவைகளும் கடல் நீர்நாய்களும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. இழப்பு எவ்வளவு? அலாஸ்கா மாநில அரசுக்காக ஆய்வாளர்கள் அமெரிக்கக் குடும்பங்களிடம் கேட்டார்கள்: இதுபோன்ற விபத்து இன்னொரு முறை நடக்காமல் தடுக்கும் திட்டத்துக்கு ஒரு தடவை வரியாக இவ்வளவு கட்டுவீர்களா? நடுத்தரப் பதில் ஏறத்தாழ 31 டாலர். அதை நாட்டிலுள்ள 9 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களால் பெருக்கியபோது 280 கோடி டாலர் வந்தது.

இவ்வளவு பெரிய எண் வந்ததும் சண்டையும் வந்தது. வாயால் சொல்லும் பணத்தை நம்பலாமா? 1993-இல் நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ இருவரின் தலைமையில் ஒரு நிபுணர் குழு அறிக்கை கொடுத்தது. கவனமாகச் செய்தால் நம்பலாம் என்றது. நேரில் போய்க் கேளுங்கள். வாக்களிப்பதுபோல் ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள். இந்தப் பணத்தைக் கொடுத்தால் வேறு செலவுக்குக் குறையும் என்று நினைவுபடுத்துங்கள் என விதிகளை வகுத்தது.

இந்த எச்சரிக்கைகள் வெறும் சம்பிரதாயம் அல்ல. எண்ணெய்க் குட்டைகளில் விழுந்து சாகும் நீர்ப்பறவைகளைக் காப்பாற்ற எவ்வளவு கொடுப்பீர்கள் என்று அமெரிக்காவில் வேறோர் ஆய்வில் கேட்டார்கள். ஒரு பிரிவினரிடம் 2,000 பறவைகள் என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம் 20,000 என்றார்கள். மூன்றாம் பிரிவினரிடம் 200,000 என்றார்கள். வந்த சராசரிப் பதில்கள் 80 டாலர், 78 டாலர், 88 டாலர். பறவைகள் நூறு மடங்கு கூடியும் பணம் கூடவில்லை. மக்கள் பறவைகளை எண்ணவில்லை. எண்ணெய் ஒட்டிய ஒரு பறவையை மனத்தில் பார்த்தார்கள். அந்தப் படத்துக்குத்தான் தொகை சொன்னார்கள்.

எங்கள் இடுபணியிலும் இதுவே நடந்தது. என் அறைத்தோழிக்கு முதல் நாள் ‘ஜொகூர் யானைகள்’ என்று எழுதிய தாளைக் கொடுத்தேன்; 20 வெள்ளி எழுதினாள். ஒரு வாரம் கழித்து ‘தீபகற்பத்தின் எல்லா யானைகளும்’ என்ற தாளைக் கொடுத்தேன். அதற்கும் 20 வெள்ளிதான். “ஏன் ஒரே தொகை?” என்று கேட்டேன். “யானைன்னா யானைதானே” என்றாள்.

அவளைச் சொல்வானேன்? நானே என் தாளில் ஆண்டுக்கு 100 வெள்ளி என்று எழுதியிருந்தேன். அடுத்த மாதம் ஒரு பேரங்காடியில் வனவிலங்குப் பாதுகாப்புக்கு நிதி திரட்டிக்கொண்டு நின்றார்கள். பையைத் துழாவி 5 வெள்ளி போட்டேன். அதுவும் பக்கத்தில் தோழிகள் நின்றதால்தான். மீதி 95 வெள்ளி என் தாளில் மட்டுமே இருந்தது.

பெரியப்பாவின் கணக்கு

இந்த நிலையில்தான் விடுமுறையில் காஹாங்குக்குப் போனேன். பெரியப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சேமிப்பில் வாங்கிய 4 ஏக்கரில் செம்பனை போட்டிருக்கிறார். பழைய மரங்களை அகற்றி மறுநடவு செய்த இடத்தில், ஒரே இரவில் யானைகள் இறங்கி 38 கன்றுகளைப் பிடுங்கிப்போட்டுவிட்டன. வளர்ந்த செம்பனையை யானை அவ்வளவாகச் சீண்டாது. இளம் கன்றின் குருத்துதான் அதற்குப் பிடிக்கும். இழுத்துப் பிளந்து உள்ளிருக்கும் மெல்லிய பகுதியைத் தின்றுவிட்டுப் போய்விடும்.

வினாநிரலைத் தேசிய மொழியில்தான் தயாரித்திருந்தோம். மலாயில் இந்த முறையின் பெயர் ‘கெசங்குப்பான் மெம்பாயார்’. நான் இடைநிலைப் பள்ளியை மலாயிலும் தொடக்கப்பள்ளியைத் தமிழிலும் படித்தவள். அந்தச் சொல்லின் இரட்டைப் பொருள் அதுவரை எனக்கு உறைக்கவில்லை. ‘சங்குப்’ என்றால் ‘மனமிருக்கிறதா’ என்றும் பொருள்; ‘முடியுமா, தாங்குமா’ என்றும் பொருள். நான் மனத்தைக் கேட்டேன். பெரியப்பாவின் காதில் கையிருப்பைக் கேட்டதாகத்தான் விழுந்தது.

“எவ்ளோ முடியும்னா கேக்குற? இரு, கணக்கு சொல்றேன்” என்று நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதினார். கன்று விலை, உரம், குழி வெட்டிய கூலி எல்லாம் சேர்த்து 38 கன்றுக்கு 1,500 வெள்ளிக்கு மேல் வந்தது. “இதுல காலம் சேக்கல. திரும்ப நட்டா காய் வெட்ட மூணு வருஷம் ஆகும்” என்றார்.

“யானை மேல கோவம் இல்லையா பெரியப்பா?” என்று கேட்டேன்.

“கோவம் வராம இருக்குமா? மறுநாள் காலையில பாத்தப்போ அழுகையே வந்துருச்சு. அதுக்காக, அது செத்துப் போகட்டும்னு சொல்ல முடியுமா? நாம காட்டை வெட்டுன எடத்துலதான அது நடக்குது. அதுக்கும் வயிறு இருக்குல்ல.”

யானை இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். அதற்காக 1,500 வெள்ளிக்கு மேல் இழந்திருக்கிறார். இருந்தும் என் தாளில் அவர் பெயருக்கு நேரே என்ன எழுதுவது? மேலும் கொடுக்க அவரிடம் இல்லை, ஆகவே சுழியம். விடுதியில் 20 வெள்ளி எழுதிய என் தோழி யானையை மதிப்பவள். பெரியப்பா மதிக்காதவர். என் கணக்கு அப்படித்தான் சொல்லியிருக்கும்.

அதைவிட மோசமான இன்னொரு வழியும் உண்டு. ‘நான் ஏன் கட்ட வேண்டும்?’ என்ற காரணத்தால் சுழியம் எழுதுபவர்களை இந்தத் துறையில் ‘எதிர்ப்புச் சுழியம்’ என்று வகைப்படுத்துகிறார்கள். பல ஆய்வுகளில் அத்தகைய பதில்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவார்கள். காரணம் இருக்கிறது; அந்தச் சுழியம் உண்மையான மதிப்பைக் காட்டவில்லை என்பதுதான். ஆனால் நீக்கிய பிறகு மிஞ்சுவது யாருடைய குரல்? யானையின் காலடி படாத இடத்தில் இருப்பவர்களின் குரல்தான் பெரும்பாலும் மிஞ்சும்.

கேள்வியைத் திருப்பிப் போட்டால்

பொருளியலில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ‘இதைக் காப்பாற்ற எவ்வளவு கொடுப்பீர்கள்?’ என்பதற்குப் பதிலாக, ‘இதை இழப்பதற்கு எவ்வளவு கொடுத்தால் சம்மதிப்பீர்கள்?’ என்று கேட்கலாம். அல்லது, ‘இந்தச் சிரமத்தைத் தாங்கிக்கொள்ள எவ்வளவு ஈடு வேண்டும்?’ என்று கேட்கலாம். முதல் கேள்வியில் பதில் நம் பணப்பையின் அளவைத் தாண்டாது. இரண்டாவதில் அந்த வரம்பு இல்லை.

இரண்டுக்கும் ஒரே விடைதானே வர வேண்டும் என்று தோன்றும். வருவதில்லை. 1974-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வாத்து வேட்டைக்காரர்களிடம் இப்படிக் கேட்டார்கள். வாத்துகள் வாழும் சதுப்பு நிலத்தைக் காக்கச் சராசரியாக 247 டாலர் கொடுப்போம் என்றார்கள். அதை விட்டுக்கொடுக்க எவ்வளவு வேண்டும் என்றபோது 1,044 டாலர் என்றார்கள். அதே மனிதர்கள், அதே வாத்துகள். நான்கு மடங்கு வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தால்தான் ஆரோ-சோலோ குழு முதல் கேள்வியையே பயன்படுத்தச் சொன்னது. இரண்டாவது கேள்விக்கு மக்கள் கூட்டிச் சொல்வார்கள் என்ற அச்சம் அதற்கு இருந்தது. நியாயமான அச்சம்தான். நீதிமன்றத்தில் ஒரு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கும்போது குறைத்து மதிப்பிடுவதே பாதுகாப்பானது. ஆனால் காஹாங் நீதிமன்றம் அல்ல. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானை முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அது சரியான சட்டம். யானையைக் கொல்லக் கூடாது என்று நாடு முழுவதற்கும் சேர்த்து முடிவு செய்துவிட்டோம். அந்த முடிவின் செலவு மட்டும் காட்டோரம் இருப்பவரின் நிலத்தில் விழுகிறது. அவரிடம் போய் ‘எவ்வளவு கொடுப்பீர்கள்?’ என்று கேட்பது, விருந்துக்கு வீட்டைக் கொடுத்தவரிடமே மொய் நோட்டை நீட்டுவதற்குச் சமம்.

இந்த நியாயத்தை நம் நாடு ஓர் அளவில் ஏற்றுக்கொண்டும் இருக்கிறது. காட்டைக் காக்கும் மாநிலம் மர வருமானத்தை இழக்கிறது. அதை ஈடுகட்ட மத்திய அரசு 2019 முதல் சுற்றுச்சூழல் நிதிப் பரிமாற்றம் என்ற திட்டத்தில் மாநிலங்களுக்குப் பணம் ஒதுக்குகிறது. தொடக்கத்தில் 6 கோடி வெள்ளியாக இருந்த ஒதுக்கீடு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 25 கோடி வெள்ளியானது. ‘காட்டை வைத்திருப்பதால் உங்களுக்கு ஏற்படும் இழப்பு எவ்வளவு?’ என்பதுதான் இத்திட்டத்தின் அடிப்படைக் கேள்வி. மாநிலத்திடம் கேட்கத் தகுந்த கேள்வி, 4 ஏக்கர் வைத்திருப்பவரிடமும் கேட்கத் தகுந்ததே.

சில மறுப்புகள்

இதற்கு மூன்று மறுப்புகளை என் நண்பர்கள் சொன்னார்கள். ஒன்று, ஈடு கிடைக்கும் என்றால் பொய்க்கணக்கு வரும். வரலாம். ஆனால் யானை வந்துபோன இடத்தில் காலடி இருக்கும், சாணம் இருக்கும், பிடுங்கிய கன்று இருக்கும். சரிபார்க்க முடியும். நான் எழுதிய 100 வெள்ளியைத்தான் யாராலும் சரிபார்க்க முடியாது.

இரண்டு, காட்டை ஒட்டி நடவு செய்தது அவர்கள் தவறுதானே? பெரிய அளவில் காட்டை அழித்து இலாபம் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி பொருந்தும். அவர்களுக்கு ஈடு கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பில் 4 ஏக்கர் வாங்கியவரை அவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. எல்லாவற்றையும் பணமாக்கினால், பணம் வராத நாளில் பரிவும் போய்விடாதா? ‘அதுக்கும் வயிறு இருக்குல்ல’ என்ற பெரியப்பாவின் சொல்லுக்கு என்ன விலை? இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்தப் பரிவையே நம்பிக்கொண்டு, அதன் செலவை அவர் தலையிலேயே விட்டுவைத்தால், அடுத்த 38 கன்றுக்குப் பிறகும் அவர் அதே சொல்லைச் சொல்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

பல்கலைக்கழகங்களில் இதுபோன்ற கருத்துக்கணிப்புகளை எழுதப்போகிறவர்கள் நாம்தான். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் படிக்கும் தம்பி தங்கைகளும் நாளை எழுதுவார்கள். எனக்குத் தெரிந்த மூன்று திருத்தங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பதில் சொல்பவர் அந்த விலங்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் வாழ்கிறார் என்று கேளுங்கள். நகரத்தின் பதிலையும் காட்டோரத்தின் பதிலையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுக்காதீர்கள். இரண்டாவது, ‘எவ்வளவு கொடுப்பீர்கள்?’ என்பதற்கு முன் ‘இதுவரை எவ்வளவு இழந்திருக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். மூன்றாவது, சுழியம் எழுதியவரைத் தாண்டிப் போகாதீர்கள். ஏன் என்று கேட்டு, அதை அவருடைய சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விரிவுரையாளரிடம் பெரியப்பாவின் பதிலைச் சொன்னேன். “நல்ல கவனிப்பு. ‘ஆய்வின் வரம்புகள்’ பகுதியில் சேர்த்துவிடுங்கள்” என்றார். சேர்த்தோம். கடைசிப் பக்கத்தில் நான்கு வரி. எனக்கு அது போதவில்லை. அதனால் தீபாவளிக்குக் காஹாங் போனபோது புதிய தாள் ஒன்றைக் கொண்டுபோனேன். அதில் இரண்டே கேள்விகள். யானையால் இதுவரை நீங்கள் இழந்தது என்ன? அதோடு தொடர்ந்து வாழ உங்களுக்கு என்ன வேண்டும்?

முதல் கேள்விக்குப் பெரியப்பா அந்த நாட்காட்டிக் கணக்கையே எழுதினார். இரண்டாவதற்கு அவர் பெரிய தொகை எதையாவது எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். வேட்டைக்காரர்களின் 1,044 டாலர் நினைவில் இருந்தது. அவர் கன்றுக்கான காசைக் கேட்டார், அவ்வளவுதான். அதற்குக் கீழே இப்படி எழுதினார்: ‘மின்வேலியை மாதம் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். யானைக் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பினால் இரவானாலும் கைப்பேசியில் ஒரு தகவல் சொல்ல வேண்டும்.’

இடுபணிக்காக நாங்கள் சேகரித்த தொகைகளில் இந்தத் தகவல் எதிலும் இல்லை. யானையோடு வாழத் தெரிந்த ஒருவரிடம் சரியான கேள்வியைக் கேட்டபோதுதான் அது கிடைத்தது.